அம்மாவின் விரலும் பேரனின் வேகமும்

அன்பு நண்பருக்கு,

நலம். தங்கள் நலமும் வீட்டில் அனைவரின் நலமும் அறிய ஆவல். பணி ஓய்வுக்குப் பின் மீண்டும் வாசிப்பில் இறங்கியிருக்கிறீர்கள் என்ற செய்தி மிகுந்த மகிழ்ச்சி தந்தது. அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த தொடுதிரைக் கைப்பேசி பெட்டியிலேயே கிடக்கிறது என்றும், "இந்த வயதில் பாட்டிக்கு இனி வராது" என்று உங்கள் மகன் சொல்லிவிட்டான் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

விரலில் இயல்பாக உள்ள மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் தொடுதிரை நம் தொடுகையை அறிகிறது. வயது ஏற ஏறத் தோல் உலர்ந்துபோவதால் அந்தத் தொடுகை சில நேரங்களில் திரைக்கு எட்டுவதே இல்லை. விரல் சற்று நடுங்கினால் ஒரு தொடுகை இரண்டாகப் பதிவாகிறது. சற்றுக் கூடுதலாக ஊன்றி நின்றால், அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு கருவி வேறெதையோ திறந்து வைக்கிறது. அம்மா சரியாகத்தான் தொடுகிறார், ஆனால் கருவி தவறாகப் புரிந்துகொள்கிறது. பழி மட்டும் அவர் வயதின்மேல் விழுகிறது. கைப்பேசியின் அமைப்புகளில் அணுகல்தன்மை (Accessibility) என்றொரு பகுதி இருக்கும். தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீட்டவும், அடுத்தடுத்து விழும் தொடுகைகளைப் புறக்கணிக்கச் செய்யவும், எழுத்தைப் பெரிதாக்கவும் பெரும்பாலான கைப்பேசிகளில் அங்கே வழியுண்டு. முதலில் அதைச் செய்துவிட்டு, பிறகு அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

அவருடைய தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் பழகிய கருவிகளில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரே வேலைதான். அது வாங்கிய நாளில் இருந்த இடத்திலேயே கடைசிவரை இருந்தது. இன்றைய திரையிலோ ஒரு புதுப்பிப்பு வந்தால் நேற்று இருந்த பொத்தான் இன்று அங்கே இருப்பதில்லை. இளையவர்கள் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள், முதியவர்கள் தெரிந்துகொண்ட பிறகே தொட விரும்புகிறார்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருமுறைக் கடவுச்சொல்லை (OTP) கேட்கும் மோசடிக்காரர்கள் மலிந்துவிட்ட இந்தக் காலத்தில், அந்த இரண்டாவது பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதனால், பேரன் கைப்பேசியை வாங்கி நொடியில் வேலையை முடித்துத் திருப்பிக் கொடுப்பதை நீங்கள் தடுக்க வேண்டும். அது உதவிதான், கற்பித்தல் ஆகாது. கருவி அம்மாவின் கையிலேயே இருக்கட்டும். விரல் அவருடையதாகவே இருக்கட்டும். படிகளை அவர் தம் சொற்களிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

2001-இல் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கக் கல்வி எழுத்தாளர், கணினியோடு பிறந்து வளர்ந்தவர்களை அந்த உலகின் பூர்வகுடிகள் என்றும் மூத்தவர்களைக் குடியேறியவர்கள் என்றும் பிரித்து எழுதினார். அந்தப் பிரிவினை எனக்கு ஒருபோதும் ஒப்பவில்லை. 1973-இல் கையடக்கத் தொலைபேசியில் முதல் அழைப்பை விடுத்த மார்ட்டின் கூப்பர் 1928-இல் பிறந்தவர். கணினிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்ள உதவும் இணையத்தின் அடிப்படை நெறிமுறையை வகுத்த ராபர்ட் கானும் விண்டன் செர்ஃபும் முறையே 1938-இலும் 1943-இலும் பிறந்தவர்கள். இந்த உலகத்தைக் கட்டியவர்களே நம் பெற்றோர் காலத்தவர்கள்தான். மறுபுறம், காணொளியை வெட்டி ஒட்டி மெருகேற்றும் இளைஞர் பலருக்கு, அந்தக் கோப்பு எந்தக் கோப்புறையில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. மேசைக் கணினியில் பழகிய நமக்கு அது தெரியும். ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தில் கைக்கு வந்ததையே ஆழமாக அறிந்திருக்கிறது என்பதுதான் என் எண்ணம்.

அழைப்பு விஷயத்திலும் இதைக் காண்கிறேன். மணி ஒலித்தால் ஓடிப்போய் எடுப்பது நம் பழக்கம். என் மகளோ, "இப்போது பேசலாமா?" என்று எழுதிக் கேட்ட பிறகே அழைக்கிறாள். முதலில் அது எனக்கு அந்நியமாகப் பட்டது. முன்னறிவிப்பின்றி அழைப்பது பிறர் நேரத்தில் நுழைவது என்று அவள் தலைமுறை கருதுகிறது என்பது புரிந்தபோது, அதிலுள்ள மரியாதையை உணர்ந்தேன். தட்டச்சுச் செய்வது பெரியவர்களுக்குக் கடினம், நேரடி அழைப்பு இளையவர்களுக்குச் சங்கடம். பேசிப் பதிந்து அனுப்பும் குரல்செய்தி இரு சாராருக்கும் பொருந்துகிறது. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையும் இப்போது அதில்தான் பேசிக்கொள்கிறது.

எனக்கு உண்மையான கவலை குழந்தைகளைப் பற்றியது. இரண்டு வயது நிரம்பும் வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைவாக இருப்பதே நல்லது என்று உலக சுகாதார அமைப்பு 2019-இல் வழிகாட்டியிருக்கிறது. அழுகையை நிறுத்தவும் ஒரு வாய் ஊட்டவும் நாமே கைப்பேசியை நீட்டிவிட்டு, பிறகு குழந்தை அதை விட மறுக்கிறது என்று கடிந்துகொள்வது நியாயமே இல்லை. உணவு நேரத்தில் பெரியவர்களும் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட வேண்டும் என்று இங்கே பேசி முடிவு செய்திருக்கிறோம். வேலை அழைப்புகளைக் காரணம் காட்டி என் மருமகன் சற்றுத் தயங்குகிறார். உங்கள் வீட்டில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்