ஒத்துக்கொண்டு வந்த பிறகு அப்பீலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிபோதையில் வண்டி ஓட்டிப் பிடிபடுகிறவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, தண்டனை கிடைத்தால் மேல்முறையீடு செய்துகொள்ளலாம் என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டது. தினமும் கோர்ட் வராந்தாவில் நிற்கிறவன் சொல்கிறேன்: அந்த வாய்ப்பைப் பெரும்பாலோர் முதல் நாளே கைகழுவிவிடுகிறார்கள்.

வண்டி ஸ்டேஷனில் நிற்கும். “ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டுங்க, சாயங்காலமே வண்டியை எடுத்துடலாம்” என்று யாராவது காதில் ஓதுவார். சில சமயம் அது எங்கள் கருப்புக் கோட்டுக்காரராகவே இருப்பார். மாஜிஸ்திரேட் கேட்டதும் “ஆமாங்கய்யா” என்று தலையாட்டிவிட்டு, மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவின்படி 10,000 ரூபாய் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். பிறகு லைசென்ஸை முடக்குவதாக ஆர்.டி.ஓ. ஆபீஸ் நோட்டீஸ் வரும். “சார், அப்பீல் போகலாமா?” என்று அப்போதுதான் ஓடிவருவார்கள். குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டவர், தண்டனையின் அளவையும் அது சட்டப்படி செல்லுமா என்பதையும் மட்டும்தான் மேல்முறையீட்டில் கேட்க முடியும். ‘நான் குடிக்கவே இல்லை’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. இதைச் சொல்வது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 375-ஆவது பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 416.

வழக்கை நடத்தித் தோற்றவர் கதை வேறு. 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம். தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. அங்கே கேட்க வேண்டியது நிறைய உண்டு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது என்று ஊதும் கருவியோ லேப் சோதனையோ காட்டியதா? கைது செய்திருந்தால், 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் கொண்டுபோனார்களா? வாயில் வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி இவை மட்டும் போதாது, ரத்தமோ சிறுநீரோ சோதித்திருக்க வேண்டும் என்று பச்சுபாய் ஹசன்அலி கார்யானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வந்த அந்த 1971 தீர்ப்பை 185-ஆவது பிரிவு வழக்குகளிலும் இன்றுவரை காட்டி வாதாடுகிறோம்.

குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். மேல் கோர்ட்டுக்குப் போனால் தண்டனை குறையத்தான் செய்யும் என்றும் இல்லை. அரசுத் தரப்புக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. மும்பை கார்ட்டர் ரோட்டில் 2006-இல் நடைபாதையில் தூங்கிய 7 பேர் மேல் காரை ஏற்றிக் கொன்ற அலிஸ்டர் அந்தோணி பரேராவுக்குக் கீழ்க் கோர்ட் கொடுத்தது 6 மாதம். உயர் நீதிமன்றம் அதை 3 வருடமாக்கியது. 2012-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

உண்மையிலேயே குடிக்காமல் மாட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊதும் கருவியிலிருந்து வரும் துண்டுச் சீட்டில் அளவும் நேரமும் இருக்கும். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏ.டி.எம். சீட்டு மாதிரி சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும்; கைக்குக் கிடைத்த அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

– ஒரு வழக்கறிஞர், திண்டுக்கல்