சுருதி விலகினால் சொல்லு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத நேரமில்லாமல் இல்லை. கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்த கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். "மகள் பாடகியாகப் போகிறேன் என்கிறாள். நீ போன வழி. அனுப்பலாமா?" என்று எழுதியிருந்தாய். உனக்கு ஒப்புக்கு ஒரு பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அம்மா கைத்தடி இல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார் என்ற வரியை மட்டும் நாலு தடவை படித்தேன். அவருடைய தையல் மிஷின் இன்னும் இருக்கிறதா? அதன் ஓட்டத்தைத் தாளமாக வைத்துக்கொண்டு நாம் பாடிய மாலைகள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. அவர் வளைவில் வேகத்தைக் குறைப்பார், நாமும் குறைப்போம். நூல் அறுந்தால் பாட்டும் நிற்கும்.

சரி, என் செய்திக்கு வருகிறேன். ஏழு மாதச் சுற்றுப்பயணம் முடிந்தது. 41 மேடைகள். வெளியே எல்லாருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். உனக்குக்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது. பயணம் முடிந்த கையோடு என் குரல் போய்விட்டது. காலையில் எழுந்தால் பாதி வார்த்தைகள் காற்றாகவே வந்தன. மேல்ஸ்தாயியில் ஒரு இடத்துக்குமேல் ஒலியே இல்லை. குரல்நாண்களில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார் மருத்துவர். அறுவை தேவையில்லை, ஆனால் மூன்று வாரம் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அப்புறம் குரல் பயிற்சி என்றார்.

தொண்டையைப் பற்றி இத்தனை வருடம் பாடியும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இசைக்குழுக்கள் சுருதி சேர்த்துக்கொள்ளும் ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ். அதை நான் பாடினால் என் குரல்நாண்கள் ஒரு விநாடிக்கு 440 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. மூன்றரை நிமிடப் பாட்டில் பாதி நேரம் மட்டும் அந்த உயரத்தில் பாடினேன் என்று வை, 46,200 மோதல். ஒரு நிகழ்ச்சிக்கு 20 பாட்டு என்றால் 9 லட்சத்தைத் தாண்டுகிறது. இதைத் தாங்கும் அந்த நாண்களின் நீளம் நம் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். தொடர்ந்து அழுத்தி மோதினால் உள்ளங்கையில் காய்ப்பு விழுவதுபோல அங்கேயும் விழுகிறது.

அந்த வாரங்களில் இரண்டு பேரை விடாமல் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கிலாந்துப் பாடகி அடேலுக்கு 2011-இல் குரல்நாணில் இரத்தக்கசிவு ஏற்பட்டு அறுவை நடந்தது. அடுத்த பிப்ரவரியில் கிராமி மேடையில் வந்து பாடினார், அன்று ஆறு விருதுகள் வாங்கினார். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் பாடி நடித்த ஜூலி ஆண்ட்ரூஸுக்கு 1997-இல் தொண்டையில் ஓர் அறுவை, அதோடு அந்தப் பாட்டுக் குரல் போனது. அது பழையபடி திரும்பவே இல்லை. இரவில் படுத்தால் முதலில் அடேல் வருவார், தூக்கம் வராத நேரத்தில் ஆண்ட்ரூஸ் வருவார்.

பேசாமல் இருக்கும்போது கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மேடை ஒலிப்பதிவுகள் எல்லாம் என்னிடம் இருந்தன. முதல் மேடையிலிருந்து வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன். பத்தாவது மேடைக்குமேல் ஒன்று உறுத்தியது. மூன்றாவது பாட்டில் பல்லவி மேலே ஏறி நிற்கும் இடம் இருக்கிறதே, அங்கே நான் சுருதிக்குக் கீழே நின்றேன். இழை அளவுதான். ஆனால் பத்தாவதில் இழை, இருபதாவதில் நூல், முப்பதாவதில் யார் காதுக்கும் தெரிந்திருக்கும். கிட்டத்தட்ட ஐந்து மாதம், வாரத்துக்கு ஒன்றிரண்டு மேடையில், ஒரே இடத்தில் சுருதி விலகிப் பாடியிருக்கிறேன். என்னோடு வந்தவர்கள் முப்பது பேருக்கு மேல். எல்லாரும் இசை தெரிந்தவர்கள். ஒருவரும் சொல்லவில்லை.

முதலில் கோபம் வந்தது. ஒரு நோட்டுப்புத்தகம் நிறைய அவர்களைத் திட்டி எழுதினேன். பேச முடியாதவளுக்கு அது ஒன்றுதான் வழி. நாலு நாள் கழித்து கீபோர்டு வாசிக்கும் தம்பி பார்க்க வந்தபோது அந்தப் பதிவைப் போட்டுக் காட்டி, தெரியுமா என்று எழுதிக் கேட்டேன். தெரியும் அக்கா என்றான். ஏன் சொல்லவில்லை? கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். "பன்னிரண்டாவது ஷோ முடிந்து வந்து, இன்றைக்கு எப்படி என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அருமையாக இருந்தது இல்லையா என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்" என்றான். அந்தப் பையனிடம் எனக்குக் கோபம் இல்லை. அவன் பிழைப்பு என் கையில் இருக்கிறது. அதை மறந்துவிட்டு நான் கேள்வி கேட்டிருக்கிறேன்.

சுருதி ஏன் விலகியது என்பதும் அப்புறம்தான் புரிந்தது. மேடையில் எங்கள் காதில் பொருத்தியிருக்கும் இயர்பீஸைப் பார்த்திருப்பாய். அதில் என் குரல், தாளம், கீபோர்டு எல்லாம் எனக்கு வேண்டிய அளவில் வரும். காதை அது நன்றாக அடைத்துவிடும், வெளிச்சத்தம் உள்ளே வராது. ஆயிரக்கணக்கானவர்கள் எதிரே கத்தினாலும் எங்கேயோ தூரத்தில் மழை பெய்வதுபோலத்தான் இருக்கும். அதற்காகவே கூட்டத்தை நோக்கி இரண்டு மைக் வைத்து, அந்த ஒலியையும் கொஞ்சம் கலந்து காதுக்கு அனுப்புவார்கள். ஒத்திகையின்போது சவுண்ட் இன்ஜினியர் கேட்பார்: "கூட்டம் எவ்வளவு வேண்டும்?" ஒரு குமிழை மேலே தள்ளினால் ஆரவாரம் கூடும், இறக்கினால் குறையும்.

எனக்கு எவ்வளவு கொடுத்தும் போதவில்லை. பத்தாவது மேடையிலிருந்து ஒரு காதுக்கருவியைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தேன். கூட்டம் நேரடியாகக் கேட்டது. அந்தச் சுகத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்! ஆனால் இரண்டு காதாலும் கேட்கும்போதுதான் ஒலி நிறைவாகத் தெரியும். ஒன்றை எடுத்தால் என் குரலே எனக்கு மெலிந்து கேட்டது. மீதிக் காதில் ஒலியைக் கூட்டச் சொன்னேன், அதுவும் போதாமல் தொண்டையை அழுத்தினேன். அழுத்தியதில் சுருதி இறங்கியது, நாண்களில் முடிச்சு விழுந்தது. கைதட்டலைக் கேட்கும் ஆசைக்கு என் குரலைக் கொடுத்துக்கொண்டிருந்தேன், தோழி. மேலே நின்று பாடும்போது அது தெரியவே இல்லை.

இது ஒன்றும் புதிதில்லை. பீட்டில்ஸ் இசைக்குழு 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பாடியபோது கிட்டத்தட்ட 55,000 பேர் வந்திருந்தார்கள். கூச்சலில் அந்த நால்வருக்கும் தாங்கள் வாசிப்பது சரியாகக் கேட்கவில்லை. இன்று எங்கள் காதில் இருக்கும் கருவி மாதிரி எதுவும் அப்போது மேடையில் இல்லை. மறு ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் பாடியதோடு சுற்றுப்பயணத்தையே விட்டுவிட்டு ஸ்டுடியோவுக்குள் போய்விட்டார்கள். புகழின் உச்சியில் எப்படி விட்டார்கள் என்று சின்ன வயதில் நாம் வியந்திருக்கிறோம். இப்போது எனக்கு அதில் வியப்பு இல்லை. பாடுகிறவனுக்குத் தன் பாட்டுக் கேட்கவில்லை என்றால் அப்புறம் அங்கே என்ன வேலை?

ஸ்டுடியோவிலும் இப்போது வேறு விதமான சிக்கல். பூமிக்கடியில் எண்ணெய் தேட ஒலி அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஆண்டி ஹில்டிப்ராண்ட் என்ற பொறியாளர் அதே கணக்கைப் பாட்டுக்குக் கொண்டுவந்து 1997-இல் ஆட்டோ-டியூன் என்ற மென்பொருளை வெளியிட்டார். விலகிய சுருதியை அது இழுத்து நிறுத்திவிடும். நான் அதற்கு எதிரியில்லை, நன்றாகப் பாடிய டேக்கில் ஒரே ஓர் எழுத்து சறுக்கினால் அது வரம். ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. முன்பெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர், "இன்னொரு தடவை போகலாமா?" என்பார். அதற்கு அர்த்தம் நமக்குத் தெரியும். இப்போது, "போதும், பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். எங்கே தவறினேன் என்று எனக்குத் தெரியாமலேயே தவறு காணாமல் போகிறது. பத்து வருடம் இப்படிப் போனால் ஒரு பாடகிக்குத் தன் காதே மறந்துவிடும்.

தலைக்கனம் என்று ஊரார் சொல்வதை நான் பயந்து பயந்து தவிர்த்து வந்தேன். எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், நன்றி சொல்வேன், கதவு திறந்துவிடுபவரிடம் குடும்பம் எப்படி என்று கேட்பேன். இதெல்லாம் இருந்தால் கால் தரையில் இருக்கிறது என்று நம்பினேன். அத்தனை பணிவோடும் ஐந்து மாதம் சுருதி விலகிப் பாடினேன். யாரும் குறை சொல்ல முடியாத இடத்துக்குப் போய்விட்டேன், அவ்வளவு அன்பாக இருந்துகொண்டே.

சிக்ஸ்டோ ரோட்ரிகஸ் கதை உனக்குப் பிடிக்கும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துப் பாடகர். 1970-இல் முதல் ஆல்பம் வந்தது, அமெரிக்காவில் யாரும் சீண்டவில்லை. அவர் கட்டடம் இடிக்கும் வேலை, கட்டுமான வேலை என்று போய்விட்டார். அதே பாட்டுகள் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் இளைஞர்களின் வாயில் மந்திரமாக இருந்தன. அவருக்கு அது தெரியாது, அவர்களுக்கு அவர் உயிரோடு இருப்பது தெரியாது. ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள், 1998-இல் அவர் அங்கே போய் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பாடினார். அப்புறம் திரும்பி வந்து அதே வீட்டில் இருந்தார். 2023-இல் காலமானார். இதை எளிமையின் இலக்கணம் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அங்கே விற்ற ஆல்பங்களின் பணம் பல வருடம் அவர் கைக்கு வரவேயில்லை. அது அநியாயம், அதைப் பண்பாக மாற்றிப் பாராட்டக் கூடாது. எனக்கு அவரிடம் பொறாமையாக இருப்பது வேறு ஒன்று. செங்கல்லோடும் மண்ணோடும் அவர் வேலை செய்த இடத்தில் யாரும் அவரைப் பாடகராகப் பார்க்கவில்லை. சுவர் கோணலாக இருந்தால் கோணல் என்று சொல்லியிருப்பார்கள்.

இப்போது உன் மகளுக்கு வருகிறேன். அனுப்பு. தடுத்தால் உன்னிடம் மறைத்துப் பாடுவாள், அதைவிடக் கெடுதல் இல்லை. கையெழுத்துப் போடும் தாள் எதுவானாலும் வக்கீல் ஒருவரைப் படிக்கச் சொல். பாட்டை எழுதிய உரிமை வேறு, அந்த ஒலிப்பதிவின் உரிமை வேறு, இரண்டும் தனித்தனிச் சொத்து. அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய ஒலிப்பதிவுகள் வேறொருவர் கைக்குப் போனதால்தான் 2021 முதல் அந்த ஆல்பங்களை மறுபடி பாடிப் பதிவு செய்ய வேண்டி வந்தது. அவளுக்கு இதை நீ சொன்னால் கேட்க மாட்டாள், நான் சொன்னால் கேட்பாள். அவளை எனக்கு எழுதச் சொல். தொண்டையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நானே விரிவாக எழுதுகிறேன்.

ஆனால் அவளோடு பாட ஒரு தோழி இருக்கிறாளா? இதைத்தான் நான் முக்கியமாகக் கேட்கிறேன். நாம் கூட்டுப்பாடலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்போம். நான் சுருதி விலகினால் யாருக்கும் தெரியாமல் என் பின்னலை லேசாக இழுப்பாய். மேலே போயிருந்தால் ஒரு இழுப்பு, கீழே என்றால் இரண்டு. மேடை நடுவில் இழுத்தாயே என்று ஒரு நாள் உன்னோடு பேசாமல்கூட இருந்தேன். அந்தக் கை போனபின் இருபது வருடமாக என் பின்னலை யாரும் இழுக்கவில்லை.

குரல் திரும்பிவிட்டது. மேலே ஒரு சின்ன இடம் இன்னும் பழையபடி இல்லை. மருத்துவர் பொறு என்கிறார், பொறுத்திருக்கிறேன். இப்போது இரண்டு காதிலும் கருவி போட்டுக்கொண்டுதான் பாடுகிறேன். கூட்டத்தின் ஒலியை இன்ஜினியர் பாதிக்குக் கீழே வைத்திருக்கிறார், என்னைக் கேட்காமல் ஏற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நானே கேட்டாலும் பாட்டு முடிந்தபின்தான் ஏற்ற வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

இதோடு புதிய ஆல்பத்துக்குப் பாடிய மூன்று பாட்டுகளை அனுப்புகிறேன். எந்தத் திருத்தமும் செய்யாத பதிவு, வெறும் குரலும் கீபோர்டும். கம்பெனிக்காரர்கள்கூட இன்னும் கேட்கவில்லை. பாத்திரம் கழுவும்போது போட்டுக் கேட்காதே. அம்மா தூங்கியபின் உட்கார்ந்து கேள். இரண்டாவது பாட்டின் சரணத்தில் ஓரிடத்தில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. எங்கே என்று சொல்ல மாட்டேன், நீ சொல்லு. மேலே என்றால் ஒரு கோடு, கீழே என்றால் இரண்டு கோடு போட்டு அனுப்பினால் போதும்.

என்றும் உன்
தோழி