பவர் பிரஸ் பாதுகாப்புப் பாடத்தில் ஆபத்தான பிழை: புகார்

அனுப்புநர்:
உற்பத்தி மேலாளர்,
மோட்டார் ஸ்டாம்பிங் தொழிற்சாலை,
குறிச்சி, கோவை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
இணையவழிப் பயிற்சி நிறுவனம், சென்னை.

பொருள்: பவர் பிரஸ் பாடத்தை நிறுத்தித் திருத்தித் தரக் கோருதல்

ஐயா,

தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்களில் வேலை செய்யும் எங்கள் ஆட்களுக்காக உங்களிடம் வாங்கிய பாதுகாப்புப் பாடத்தை உடனே நிறுத்திவைக்கச் சொல்லி இதை எழுதுகிறேன். எங்களுக்கு மட்டுமில்லை, பழைய பிரஸ் வைத்திருக்கும் யாருக்கும் அதைக் கொடுக்காதீர்கள்.

பாடத்தில் ஆபரேட்டர் ஒருவர் டை (தகட்டை வெட்டும் அச்சு) பக்கம் கையை நீட்டுகிறார். மெஷின் முன்னால் ஒளிக்கதிர்களால் காவல் காக்கும் லைட் கர்ட்டனின் ஒளி மறிபட்டதும், மேலிருந்து இறங்கி அழுத்தும் ராம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. காற்றழுத்தத்தால் இயங்கும் கிளட்ச் உள்ள ஏர் கிளட்ச் பிரஸ்ஸை நடுவில் நிறுத்தலாம், அதற்கு அது சரி. எங்களிடம் இருப்பவை எல்லாம் கீ கிளட்ச் பிரஸ்கள். பெடலை மிதித்து, கிளட்சைப் பூட்டும் உலோகக் கீ பிடித்துவிட்டால், ராம் ஒரு முழுச் சுற்று முடித்துத்தான் நிற்கும். நடுவில் நிறுத்த வழியே கிடையாது. கை உள்ளே போகாதபடி டையைச் சுற்றித் தடுப்பு வேண்டும், ஷீட்டை வைக்க இடுக்கி வேண்டும். இதைப் பற்றி உங்கள் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை. மோட்டாரை அணைத்த பிறகும் ராமை இயக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் பெடலில் கால் பட்டால் ராம் இறங்கிவிடும் என்பதும் இல்லை. டை மாற்றும்போது, ராம் இறங்காமல் தாங்கும் சேஃப்டி பிளாக் வைக்கச் சொல்லவும் இல்லை.

ஒடிசாவிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர், உங்கள் சான்றிதழை வாங்கிய கையோடு மெஷினுக்கு வந்தார். "கை உள்ளே போனால் என்ன ஆகும்?" என்று ஃபோர்மேன் கேட்டார். மெஷின் தானாக நின்றுவிடும் என்று அவர் நம்பிக்கையோடு சொன்னார். ஃபோர்மேன் அப்போதே அவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பாடம் படிக்காத ஆள் பிரஸ்ஸைப் பார்த்துப் பயப்படவாவது செய்வார். உங்கள் பாடம் அந்தப் பயத்தையும் போக்கிவிட்டது.

போனில் சொன்னபோது, பாடம் சர்வதேசத் தரத்தில் இருப்பதாக உங்கள் தரப்பில் பதில் வந்தது. எங்கள் கீ கிளட்ச் போன்ற முழுச் சுற்று கிளட்ச் உள்ள பிரஸ்ஸில் ஒளி உணரியைப் பாதுகாப்புக் கருவியாக வைக்கவே கூடாது என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1910.217. ஆர்டர் எடுக்க வந்தவர்கள் எங்கள் பிரஸ்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்களே, அதை யாராவது பார்த்தார்களா?

தேர்வும் சரியில்லை. தவறாக அழுத்தினால் சரியான விடை திரையில் வருகிறது, மறுபடி எழுதினால் அதே கேள்விகள் அதே வரிசையில் வருகின்றன. பயிற்சி பலன் தந்ததா என்று மதிப்பிடச் சொல்கிறது தர மேலாண்மைத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001:2015-ன் 7.2 பிரிவு. இந்த மதிப்பெண்ணை வைத்து எதை மதிப்பிடுவது? ஒடியாவில் குரல் தருவதாகச் சொன்னதும் நடக்கவில்லை. இந்தி எழுத்து மட்டும் ஓடுகிறது, அதை வாசிக்க முடியாதவர்கள் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கீ கிளட்ச் பிரஸ்ஸுக்குத் தனிப் பாடம், எங்கள் மெஷினிலேயே படம் எடுத்து, ஒடியா, இந்தி, தமிழ்க் குரலோடு வேண்டும். மெஷின் முன்னால் ஆளைச் செய்துகாட்டச் சொல்லி, ஃபோர்மேன் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சான்றிதழ் வர வேண்டும். அதுவரை இரண்டாம் தவணைப் பணத்தைத் தர மாட்டோம். 15 நாளில் பதில் இல்லையென்றால் ஆர்டரை ரத்து செய்து, கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்போம்.

எங்கள் விஷயம் முடியும்வரை காத்திருக்காமல், இந்தப் பாடத்தை வாங்கிய மற்ற தொழிற்சாலைகளுக்கு இன்றே எச்சரிக்கை அனுப்புங்கள். அனுப்பியதை எங்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உற்பத்தி மேலாளர்