டப்பாவைத் திருப்பிப் படி, கயல்

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சிநேகிதியின் தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்து, என் பார்க்கின்சன் நடுக்கத்துக்காக நீ அனுப்பிய நாலு சத்து மாத்திரை டப்பாவையும் சேர்த்துவிட்டான். அம்மா எவ்வளவோ சொல்லியும் ஒரு வாய் காபி குடிக்காமல் ஓடிவிட்டான்.

உன் அக்கறை புரிகிறதம்மா. ஆனால் அந்த நாலில் மூன்றை நான் திறக்கப்போவதில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்பாய். அடுத்த மாதம் அஞ்சாவது டப்பா வரும். அதனால்தான் கடிதம். கும்பகோணத்தில் இத்தனை வருஷம் மெடிக்கல் ஷாப் நடத்தியவன் நான். டப்பாவின் முன்பக்கம் எழுதியிருப்பதை நம்பாமல் பின்பக்கத்தைப் படிக்கிற புத்தி இன்னும் போகவில்லை.

முதலில் அந்த பி காம்ப்ளெக்ஸ். ஒரு கேப்ஸ்யூலில் வைட்டமின் பி6 மட்டும் 100 மில்லிகிராம், தினம் இரண்டு போடு என்கிறான். மனுஷனுக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 2 மில்லிகிராம்தான். என் விஷயத்தில் இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. இந்த நோய்க்கு நான் சாப்பிடும் லெவோடோபா என்ற மருந்து மூளைக்குள் போய் டோபமினாக மாறினால்தான் கை கால் அசையும். டோபமினையே நேராகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. சங்கடம் என்னவென்றால், அந்த மாற்றத்தைச் செய்கிற நொதி குடலிலும் ஈரலிலும் கூட இருக்கிறது, அது வேலை செய்யத் துணை நிற்பதே பி6தான். பி6 மிஞ்சினால் லெவோடோபா மூளையை எட்டுவதற்கு முன்பே மாறித் தீர்ந்துபோகும். லெவோடோபாவில் எழுந்து நடமாடிக்கொண்டிருந்த நோயாளிகளுக்கு பி6 கொடுத்தவுடன் பழைய இறுக்கமும் நடுக்கமும் திரும்பியதை 1969-லேயே அமெரிக்காவில் எழுதிவைத்துவிட்டார்கள்.

பிறகு 1970-களில் கார்பிடோபா சேர்த்த மாத்திரை வந்தது. அது மூளைக்கு வெளியே இருக்கும் நொதியை அடக்கிவைக்கும். அந்த அடக்கம் சரியாக நடக்க ஒரு நாளைக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா உள்ளே போகவேண்டும். என் ஸ்டிரிப்பில் 125 என்று போட்டிருப்பது 100 லெவோடோபா, 25 கார்பிடோபா. மூன்று வேளைக்கு 75 ஆகிறது, போதும். 110 என்று இன்னொன்று வரும், அதில் கார்பிடோபா 10தான். அதையே மூன்று வேளை சாப்பிடுகிறவருக்கு 30-தான் கிடைக்கும்; பி6 டப்பா அவர் கையில் போனால் என் கையில் இருப்பதைவிட ஆபத்து.

"உங்களுக்குத்தான் 75 போகிறதே, அப்புறம் என்ன?" என்று கேட்பாய். வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்கவேண்டும் உன்னை. பி6 மாதக்கணக்கில் அதிகமாகப் போனால் உணர்வு நரம்புகளையே கெடுக்கும். பாதம் மரத்துப்போகும், தரை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாது. அமெரிக்காவில் நாளைக்கு 100 மில்லிகிராம்வரை உச்சவரம்பு. ஐரோப்பாவில் 2023-ல் அங்குள்ள வரம்பை 12 ஆகக் குறைத்துவிட்டார்கள். ஏற்கெனவே காலைத் தேய்த்து நடக்கிற எனக்குப் பாதமும் மரத்தால் பாத்ரூம் வாசலில் விழவேண்டியதுதான். இதற்கு மறுபக்கமும் உண்டு. கார்பிடோபா உடம்பிலிருக்கும் பி6-ஐப் பிடித்து முடக்கிவிடும், ரொம்ப நாள் அதிக டோஸில் இருப்பவர்களுக்குப் பி6 குறைந்தே போவதும் உண்டு. கூடினாலும் குறைந்தாலும் கால்தான் மரக்கும். ரத்தப் பரிசோதனை இல்லாமல் யாரும் ஊகித்துச் சொல்ல முடியாது. கடையில் தினம் ஒருத்தராவது "கை நடுங்குது, நல்ல நரம்பு மாத்திரையா குடுங்க" என்று வந்து நிற்பார்கள். டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டால் கோபம் வரும்.

பி12 சாப்பிடுகிறேன், அது வேறு கணக்கு. லெவோடோபா உடம்பில் சிதையும்போது ஹோமோசிஸ்டீன் என்கிற வேண்டாத ஒன்று ரத்தத்தில் ஏறும். அதை இறக்க பி12-ம் ஃபோலிக் ஆசிடும் வேண்டும். நமக்கோ சைவச் சாப்பாடு. போதாததற்கு சர்க்கரைக்காக நான் போடும் மெட்ஃபார்மின் பி12-ஐ உடம்பில் சேரவிடாது. டெஸ்டில் குறைவு என்று வந்தது, நியூரோ டாக்டர் மீத்தைல்கோபாலமின் 1500 மைக்ரோகிராம் எழுதினார். பி6 கலந்த கூட்டு மாத்திரையைத்தான் கடைப் பையன் எடுத்து நீட்டினான். வெறும் பி12 கொடு என்று கேட்டு வாங்கினேன்.

வைட்டமின் ஈ, கோ கியூ10 இரண்டுக்கும் அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஈ-யை நாளைக்கு 2000 யூனிட் வீதம் கொடுத்து, 800 பேரை வைத்து நடந்த ஆய்வில் பலனில்லை என்று 1993-ல் முடிவு வந்தது. கோ கியூ10-ஐ 600 பேரிடம் பார்த்து 2014-ல் அதையே சொன்னார்கள். விலையைப் பார்த்தேன், வயிறு எரிந்தது.

டி3 டப்பாவை மட்டும் வைத்துக்கொள்கிறேன். எனக்கு டி குறைவுதான். வாரம் ஒரு 60,000 யூனிட் பொட்டலம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த கோர்ஸ் முடிந்ததும் டாக்டரைக் கேட்டுவிட்டு உன்னுடையதை ஆரம்பிக்கலாம். அது எலும்புக்கு. நடுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நடுக்கத்துக்கு வருகிறேன். அதைப் பார்த்துத்தானே நீ டப்பா வாங்குகிறாய். பார்க்கின்சன் நடுக்கம் கை சும்மா இருக்கும்போதுதான் வரும். மடியில் வைத்தால் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மாத்திரை உருட்டுவதுபோல் உருட்டும். டாக்டர் புத்தகங்களிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது, மருந்துக்கடைக்காரனுக்குப் பொருத்தமான நோய்தான். நொடிக்கு நாலிலிருந்து ஆறு தடவை. டம்ளரை எடுக்கக் கையை நீட்டினால் அடங்கிவிடும், தூங்கினால் அறவே இருக்காது. மனசு பதறினால் கூடும். யாராவது உற்றுப் பார்த்தால் கூடும். "இப்ப குறைஞ்சிருக்காப்பா? கையைக் காட்டுங்க" என்று நீ கேட்கிறாயே, அப்போது கட்டாயம் கூடும்.

லெவோடோபா முதலில் இளக்குவது இறுக்கத்தையும் மந்தத்தையும். நடுக்கம் பிடிவாதக்காரன், எல்லோருக்கும் சொன்னபடி கேட்காது. நடுக்கத்துக்கென்றே டிரைஹெக்ஸிஃபெனிடில் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. என் வயசுக்கு ஞாபகத்தைக் குழப்பும், மலச்சிக்கலை இன்னும் கூட்டும் என்று டாக்டர் எழுதவில்லை. எனக்கும் சம்மதம்தான். சட்டைப் பொத்தானைப் போட முடிகிறது, கையெழுத்து சின்னதாகிக்கொண்டே போனாலும் கோடு போட்ட தாளில் சமாளிக்கிறேன். கை ஆடினால் ஆடிவிட்டுப் போகட்டும்.

எதிர்வீட்டு ராமநாதன் மாமா நாட்டு மருந்துக் கடையிலிருந்து பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்து கொடுத்தார். அதை ஏளனமாக நினைக்காதே. அந்த விதையில் லெவோடோபா இருப்பதை 1937-ல் தாமோதரன், ராமசுவாமி என்ற இருவர் நம் மெட்ராஸில்தான் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதனால்தான் நான் தொடவில்லை. மாத்திரைமேல் இன்னொரு மாத்திரை, அதுவும் எத்தனை மில்லிகிராம் என்று தெரியாமல். மாமாவிடம் மட்டும் சாப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறேன், நீ பேசும்போது உளறிவிடாதே.

எனக்கு உதவுவது நேரம்தான். காலை ஏழு, மதியம் ஒன்று, இரவு ஏழு. மாத்திரை போட்டு முக்கால் மணி கழித்துத்தான் சாப்பாடு, ஏனென்றால் பருப்பிலும் தயிரிலும் இருக்கும் புரதம் லெவோடோபாவோடு போட்டிபோட்டு அதை உள்ளே விடாது. அம்மாவின் இரும்புச்சத்து மாத்திரை டப்பாவும் என் டப்பாவும் வேறு வேறு அலமாரியில். இரும்பு குடலிலேயே லெவோடோபாவைக் கட்டிப்போடும். நீ கூப்பிடுவது எப்போது? உனக்குக் காலை ஒன்பது, எங்களுக்கு மாலை ஆறரை. மதிய டோஸ் தீர்ந்து அடுத்தது போடாத நேரம். வாரா வாரம் என்னுடைய மோசமான அரைமணியைத்தான் நீ பார்த்துவிட்டு அழுகிறாய். இனி எட்டரைக்குக் கூப்பிடு, உனக்குப் பதினொன்று. பேரன் விளையாடப் போயிருப்பான் என்றால் ஞாயிற்றுக்கிழமை அவனை நிறுத்திவை.

இன்னொன்று. உன் பாதம் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே இருப்பதால்தான் என்று அம்மாவிடம் சொன்னாயாம். காலையில் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறாயே ஒரு பவுடர், அதையும் இரவில் போடும் மல்ட்டிவைட்டமினையும் திருப்பிப் பார். இரண்டிலும் பி6 எத்தனை மில்லிகிராம் என்று கூட்டி எனக்கு எழுது. டப்பாவைப் படம் எடுத்து அனுப்பினாலும் சரி. அங்கே ஒரு டாக்டரிடமும் காட்டிவிடு, தள்ளிப்போடாதே.

அன்புடன்,
அப்பா