சுமந்தவர் யார், பழகியவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கொடைக்கானல் மலைச்சாலையில் கஞ்சாவுடன் பிடிபட்ட பெண்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த செய்தி, அவர்கள் எல்லோரையும் 'போதைக்கு அடிமையாகிக் குற்றத்தில் இறங்கியவர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு அந்த வரி உறுத்துகிறது.

நான் அறிந்தவரை, பொட்டலம் சுமந்து பிடிபட்ட பெண்களில் சிலர் அதை ஒருநாளும் புகைத்தவர்கள் அல்லர். பெண்ணின் உடலைப் பெண்தான் சோதனையிட வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு சொல்கிறது. அவளுடைய கண்ணியத்துக்காக எழுதப்பட்ட அந்த விதியையே காட்டி, "உன்மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள்" என்று தைரியம் சொல்லி அனுப்புபவர் கணவராகவோ வட்டிக்குக் கொடுத்தவராகவோ இருக்கிறார். கஞ்சா ஒரு கிலோவுக்குள் இருந்தால் அதிகபட்சம் ஓராண்டு. அதைத் தாண்டி இருபது கிலோ வரை இருந்தால் பத்தாண்டு வரை சிறை. எடை எவ்வளவு என்பதுகூடப் பை சுமந்தவளுக்குத் தெரிந்திருக்காது.

போதைக்குப் பழகியவர்களின் கதை வேறு. பண்ணைக்காட்டுப் பக்கத்துப் பெண் ஒருவர், கணவரின் அடிக்குப் பயந்து தூக்க மாத்திரையில் தொடங்கி, மாத்திரைக்குக் காசில்லாமல், தாம் வேலை பார்த்த விடுதியிலேயே கைவைத்தார். அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிச் சமவெளியில் ஒரு மறுவாழ்வு மையத்தில் கேட்டபோது, பெண்களுக்கு இடமில்லை என்றார்கள். (ஆண் குடித்தால் பழனிக்கு மாலை போட்டு நிறுத்திவிடலாம் என்று ஊரே கூடிப் பேசும், பெண் என்றால் வீட்டுக்குள் மூடிமறைப்பதுதான் வழக்கம்.) சிகிச்சைக்குப் போயிருந்தால் திருட்டு வரை வந்திருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன்.

சிறிய அளவு போதைப்பொருளுடன் பிடிபட்டவரோ, பயன்படுத்தியதற்காக வழக்குக்கு உள்ளானவரோ, போதைக்கு அடிமையானவராக இருந்து, தாமாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் முழுச் சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்கான வழக்கிலிருந்து அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு அவருக்கு விலக்களிக்கிறது. இந்த மலையில் எத்தனை வீடுகளுக்கு இது தெரியும்?

இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, பிடிபட்டவர் சுமந்தவரா பழகியவரா என்பதைக் கேட்டறிந்து எழுதும்படியும், மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண்ணான 14446-ஐச் செய்தியின் கீழே அச்சிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பெருமாள்மலை, கொடைக்கானல்.