எங்கள் ஊர் டிரைவர்களைப் பற்றியும் நாங்கள் வாதாட வேண்டும்: பந்தயம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் கார் பந்தயம் நடத்துகிற அமைப்பாளர்களுக்கும் அதற்கு அனுமதியும் நிதியும் தருகிற அதிகாரிகளுக்கும் வணக்கம்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுகிற ரேஸ் ரசிகர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். எஃப்1, அதாவது ஃபார்முலா 1 என்கிற உலகக் கார் பந்தயத் தொடர், ஐரோப்பாவில் நடக்கும் மாதங்களில் பெரும்பாலும் நம் நேரப்படி ஆறரை மணிக்குப் பந்தயம் தொடங்கும். அதற்குள் டீக்கடை பெஞ்சில் கணிப்புச் சீட்டு எழுதி முடித்திருப்போம். முதல் மூன்று இடம் யார் யாருக்கு, விபத்து நடந்தால் எல்லோரையும் மெதுவாக்க முன்னால் விடுகிற சேஃப்டி கார் வருமா வராதா, முன்னால் ஓடுகிறவன் எத்தனையாவது லேப்பில் (சுற்றில்) டயர் மாற்ற பிட்டுக்கு வருவான், இதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். காசு வைத்து ஆடுவதில்லை, அது கண்டிப்பு. அதிகம் தப்பாகச் சொன்னவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

வடசென்னை என்றால் கால்பந்து, குத்துச்சண்டை, கேரம் என்று நீங்கள் தெரிந்து வைத்திருப்பீர்கள். ரேஸ் என்ற சொல்லோடு எங்கள் பகுதியின் பெயர் வந்தால், அது ராத்திரியில் பைக்கை முறுக்கிக்கொண்டு போய்ப் போலீஸில் மாட்டிய பையன்களைப் பற்றிய செய்தியாகத்தான் இருக்கும். டயர் தேய்மானத்தைக் கணக்குப் போட்டுப் பந்தயம் பார்க்கிற ஒரு கூட்டம் இங்கே உண்டு என்பது உங்கள் காதுக்கு எட்டியிருக்காது. யோசித்துப் பார்த்தால் அப்படி ஒரு கூட்டம் இங்கே இல்லாமல் போனால்தான் ஆச்சரியம். 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா மோட்டார் சைக்கிள் ஆலை கட்டியது திருவொற்றியூரில்தான். எண்ணூரில் அசோக் லேலண்ட். மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்த தொழில்தான் பிறகு எம்ஆர்எஃப் டயர் ஆனது. இன்ஜினும் டயரும் எரிபொருளும் பிறக்கிற ஊரில் ரேஸ் பேச்சுக்கு ஆள் கிடைக்காதா?

எங்களில் மூத்தவர் ஒருவர் டயர் ஆலையில் முழு சர்வீஸும் போட்டு ஓய்வு பெற்றவர். 2005 ஜூனில் இண்டியனாபோலிஸில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரீயைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அண்ணனை நிறுத்த முடியாது. அந்தச் சர்க்யூட்டின் 13-ஆவது வளைவு சரிவாக இருக்கும், வேகம் குறைக்காமல் எடுக்கிற இடம். வெள்ளிக்கிழமை பயிற்சியில் அங்கே ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டாவுக்குப் பின் டயர் போய்ச் சுவரில் அடித்தது. அந்த வளைவில் தன் டயர் தாங்கும் என்று மிஷ்லின் நிறுவனத்தால் உறுதி சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு முன்னால் மெதுவாகச் சுற்றிவருகிற ஃபார்மேஷன் லேப் முடிந்ததும் மிஷ்லின் போட்ட 14 கார்களும் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. ஜோர்டன் அணியில் இருந்த நம் நாராயண் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். எஃப்1-இல் புள்ளி எடுத்த முதல் இந்தியர் அவர்.

“ஆறு வண்டில நாலாவதுதானே ணா” என்று எங்கள் பையன் ஒருவன் கேட்பான். “அவருக்குப் பின்னாடியும் ரெண்டு பேர் இருந்தாங்கடா. அத்தன லேப்பையும் தப்பில்லாம முடிச்சுக் கொண்டாந்தாரு, அது சும்மாவா?” என்பார் அண்ணன். அப்புறம் வேறொருவன், “அதே ஜோர்டன ஓட்டின மான்டெய்ரோ மூணாவது வந்தாரே?” என்பான். அண்ணன் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மதிப்பு இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

எங்கள் பெஞ்சில் நடக்கிற எல்லாச் சண்டையும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். ஜெயிப்பது காரா, டிரைவரா? எஃப்1 சாம்பியன் வெர்ஸ்டாப்பனை வேறு காரில் உட்காரவைத்தால் என்ன செய்வார்? 2021 அபுதாபியின் கடைசி லேப்பில் பட்டத்துக்குப் போட்டியிட்ட ஹாமில்டனை அவர் முந்தியது திறமையா, பிடிப்பு அதிகமுள்ள புது சாஃப்ட் டயரா? ஹாமில்டன் அப்போது பழைய ஹார்டு டயரில் ஓடிக்கொண்டிருந்தார். இதற்கு எஃப்1-இல் முழுப் பதில் கிடைக்காது, ஏனென்றால் ஒவ்வொரு அணியும் வேறு வேறு கார் கட்டுகிறது. ஒருவரை நியாயமாக அளக்க வேண்டுமென்றால் அதே அணியின் இன்னொரு டிரைவரோடு மட்டும்தான் அளக்கலாம்.

நீங்கள் நடத்துகிற பந்தயங்களில் பதில் கிடைக்கும். இதைச் சொல்லத்தான் இத்தனை நீளம் வந்தேன். இளம் டிரைவர்களுக்கான இந்தியன் ஃபார்முலா 4-இல் எல்லோருக்கும் ஒரே சேசிஸ் (கார் சட்டகம்), ஒரே இன்ஜின், ஒரே டயர். இந்தியன் ரேசிங் லீகிலும் எல்லா அணியும் ஒரே வகைக் காரைத்தான் ஓட்டுகிறது. அதோடு ஒவ்வொரு அணியிலும் ஒரு பெண் டிரைவர் இருக்க வேண்டும் என்ற நல்ல விதியும் அதில் உண்டு. இங்கே ஒருவன் இன்னொருவனைவிட கால் நொடி வேகமாக வந்தால், அந்தக் கால் நொடி அவனுடைய காலிலும் கையிலும்தான் இருக்கிறது. கொஞ்சம் மெக்கானிக்கின் செட்டப்பிலும் இருக்கலாம். டிரைவர்களைப் பற்றி வாதாட விரும்புகிற ரசிகனுக்கு எஃப்1-ஐவிட இதுதான் சரியான களம். ஆனால் எங்களால் வாதாட முடியவில்லை, கையில் விவரம் இல்லாததால்.

எஃப்1 வாரத்தில் எங்கள் சீட்டு எப்படித் தயாராகிறது என்று சொல்கிறேன். யார் ஓட்டுகிறார்கள், எந்த மூன்று டயர் வகை வருகிறது என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். வெள்ளிக்கிழமை பயிற்சியில் தனி ஒரு வேக லேப்பை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தொடர்ந்து எட்டு, பத்து லேப் போடுகிறார்களே, அந்த நேரங்களை வரிசையாக எழுதிப் பார்ப்போம். லேப்புக்கு லேப் நேரம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை யாருடைய டயர் முதலில் சாகும் என்று தெரிந்துவிடும். ஒரு பையன், பள்ளிக்கூடத்தில் கணக்கு என்றாலே ஓடியவன், இந்தச் சராசரியை இப்போது மனதிலேயே போடுகிறான்.

உள்ளூர்ப் பந்தயத்துக்கு இதில் எது எங்கள் கைக்கு வருகிறது? யார் யார் ஓட்டுகிறார்கள் என்பதே பந்தயம் முடிந்து முடிவு வரும்போதுதான் எங்களில் பலருக்குத் தெரிகிறது. விவரம் உங்களிடம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு காரிலும் நேரம் கணக்கிட சிக்னல் அனுப்புகிற டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி வரை கணக்கு பதிவாகிறது. அந்தத் தாள் அணிகளின் கைக்குப் போகிறது. நாங்கள் பார்க்கிற இடத்துக்கு, நாங்கள் படிக்கிற மொழியில் வருவதில்லை.

இதனால் என்னவெல்லாம் கைநழுவிப் போயிருக்கிறது என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எஃப்1 சாம்பியன் மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக், 2016-17 எம்ஆர்எஃப் சேலஞ்ச் கார் பந்தயத் தொடருக்காக ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு வந்து ஓட்டினார். 2019 பிப்ரவரியில் அதே டிராக்கில் ஜேமி சாட்விக் அந்தத் தொடரின் பட்டத்தை வென்றார். அதை வென்ற முதல் பெண் அவர். பிறகு பெண்களுக்கு மட்டுமான டபிள்யூ சீரிஸ் பட்டத்தை மூன்று முறை வென்றார். எங்கள் ஊரில் பிறந்த டயரின் பெயரைத் தாங்கிய தொடர் அது. மிக் பின்னாளில் எஃப்1-க்கு வந்தபோது எங்கள் பெஞ்சில் ஆளாளுக்குக் கருத்துச் சொன்னார்கள், ஆனால் நம் ஊரில் ஓட்டியபோது அவரை நேரில் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

பழைய ஆட்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். செங்குன்றம் தாண்டிச் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. பந்தய வீரர் கரிவரதனும் தொழிலதிபர் விஜய் மல்லையாவும் ஓட்டியதைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சைக்கிளில் போய் வந்ததாகச் சொல்கிறவர்களும் உண்டு. 1990-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக்கைத் திறந்தது. அது நாட்டுக்கே நல்ல காரியம், பாதுகாப்பும் கூடியது. ஆனால் நகரத்தின் இந்தக் கோடியில் இருக்கிறவர்களுக்கு ரேஸ் தூரமாகிப் போனது.

அதனால்தான் தீவுத்திடலைச் சுற்றி நகரச் சாலையிலேயே நடத்திய ஃபார்முலா 4 பந்தயம் எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. முதலில் 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. அந்த நாட்களில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்து மீனவர்கள் அல்லாடிக்கொண்டிருந்தார்கள், ரேஸைத் தள்ளிவைத்ததை இங்கே யாரும் குறை சொல்லவில்லை. பிறகு 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தது. 3.5 கிலோமீட்டர், 19 வளைவு, ராத்திரி வெளிச்சத்தில். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கிக்கொள்ளலாம். அத்தனை பக்கம். டிக்கெட் வாங்க முடியாமல், அடைத்த சாலைக்கு இந்தப் பக்கம் நின்று இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தவர்களும் எங்களில் உண்டு. உள்ளே போனவர்களுக்கோ எந்த காரில் யார் என்பதே குழப்பம்.

மறுபடியும் அங்கே நடந்தால் எங்கள் கணிப்பு எப்படி இருக்கும் என்று சொல்லட்டுமா? அது பஸ்ஸும் ஆட்டோவும் ஓடுகிற ரோடு. கடற்கரைப் பக்கம் என்பதால் காற்றில் மணலும் தூசியும் வரும். முதல் பயிற்சியில் டயருக்குக் கிரிப்பே (பிடிப்பே) இருக்காது. கார்கள் ஓட ஓட டயர் ரப்பர் ரோட்டில் படிந்து லேப் நேரம் நொடிக்கணக்கில் குறையும், அதனால் முதல் பயிற்சியின் வரிசையை நம்பக் கூடாது. சேஃப்டி கார் வரும் என்றே எழுதுவோம். சிங்கப்பூரில் 2008-இல் ராத்திரிப் பந்தயம் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு முறையும் சேஃப்டி கார் வந்தது, 2024-இல்தான் முதல்முறையாக வராமல் முடிந்தது. சுவருக்கு நடுவே ஓட்டுகிற சர்க்யூட்டின் குணம் அது. முந்த இடம் குறைவு, ஆகவே முன்வரிசையில் கிளம்புகிறவனுக்கே என் ஓட்டு. அண்ணன் இதை ஒத்துக்கொள்ள மாட்டார், புழுக்கத்தில் டயர் சூடேறிக் கடைசி ஐந்து லேப்பில் எல்லாம் மாறும் என்பார். யார் சொல்வது சரி என்று பார்க்க எங்களுக்குப் பெயரும் நேரமும் வேண்டும்.

ராத்திரி பைக் பந்தயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அதில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் எங்கள் தெருக்களில் இருக்கின்றன. அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தவர்களில் சிலர் இப்போது எங்களோடு உட்கார்கிறார்கள். 2025 ஜனவரியில் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது நடிகரின் ரசிகர்களாக வந்தவர்கள்தான் பலர். ஒரே காரைப் பல பேர் மாறி மாறி ஓட்டுவது எப்படி, பிரேக்கை எந்த இடத்தில் பிடிக்கிறார்கள் என்று கேட்க ஆரம்பித்து அப்படியே தங்கிவிட்டார்கள். டிராக்கையும் ஹெல்மெட்டையும் மருத்துவக் குழுவையும் நேரில் பார்க்கிற வாய்ப்பை முதலில் இவர்களுக்குத்தான் தர வேண்டும். பந்தயத்துக்கு முந்தின பயிற்சி நாளிலாவது வடசென்னை ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களை உள்ளே விடுங்கள். இருக்கைகள் எப்படியும் அன்றைக்கு நிரம்புவதில்லை.

மற்றபடி நாங்கள் கேட்பது பெரிய செலவு இல்லை. டிரைவர்களின் பெயர், கார் எண், முந்தைய முடிவுகள் அடங்கிய பட்டியல் ஒரு வாரம் முன்னதாகத் தமிழில் வர வேண்டும். ஒவ்வொரு பயிற்சியும் முடிந்த கையோடு எல்லா லேப் நேரமும் பொதுவில் வர வேண்டும், ஜெயித்தவருடையது மட்டும் போதாது. கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் தமிழ் வர்ணனை இருக்கிறது, ரேஸுக்கும் வையுங்கள். அண்டர்ஸ்டியர் (ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் போதுமான அளவு திரும்பாதது) என்றால் என்ன என்று டயர் ஆலைக்காரர்கள் புரிகிற தமிழில் சொல்வார்கள், அவர்களைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுங்கள். முடிந்தால் தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ ஒரு மைதானத்தில் பெரிய திரை ஒன்று.

ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பட்டியலைத் தமிழாக்குவது, லேப் நேரங்களை அட்டவணையாக்குவது, வளைவுகளுக்குப் பெயர் போட்டு வரைபடம் தயாரிப்பது, இதையெல்லாம் நாங்களே சம்பளமில்லாமல் செய்து தருகிறோம். பந்தய வாரத்துத் திங்கட்கிழமை விவரம் கையில் கிடைத்தால், செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குள் தமிழில் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
திருவொற்றியூர் தேரடி ரேஸ் ரசிகர்கள் சார்பில் ஒருவர்