வெள்ளி விலைக்குக் கீழே ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் தினமும் வரும் வெள்ளி விலையைப் பற்றி எழுதுகிறேன். 'வெள்ளி ஒரு கிராம்' என்று ஒரே விலைதான் போடுகிறீர்கள். அது 999 சுத்தமுள்ள, அதாவது ஆயிரத்துக்கு 999 பங்கு வெள்ளியே உள்ள, கட்டி வெள்ளியின் விலை என்று எங்கேயும் சொல்வதில்லை. அந்த ஒரு வரி இல்லாததால் என் அம்மா பட்ட வருத்தம்தான் என்னை எழுத வைத்தது.

வெள்ளி விலை ஏறியிருக்கிறதே, பழைய கொலுசைப் போட்டுவிட்டுப் பேத்திக்குப் புதுசு வாங்கலாம் என்று அம்மா கிளம்பினார். விலை வந்த மூலையைக் கத்தரித்து மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். தருமபுரியில் ஒரு கடைக்குப் போனோம். எடை 120 கிராம். கடைக்காரர் கொக்கிப் பக்கம் அரத்தால் லேசாக ராவி, ஒரு சொட்டு ஆசிட் விட்டார். பச்சையாக நுரைத்தது, செம்பு கலந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ராவிய இடத்தைச் சுத்தம் பார்க்கும் மெஷினில் வைத்துப் பார்த்தார். (மெஷின் மேல்பரப்பைத்தான் படிக்கும். மேலே வெள்ளி முலாம் இருந்தால் கூடுதலாகக் காட்டிவிடும். அதனால்தான் முதலில் அரம்.)

"அறுபத்தஞ்சு டச்தாம்மா இருக்குது" என்றார்.

"ஏம்பா, பேப்பர்ல வேற போட்டிருக்குதே?" என்று அம்மா அந்தக் காகிதத்தைப் பிரித்து நீட்டினார்.

"அது கட்டி வெள்ளிக்குங்கம்மா."

65 டச் என்றால் நூற்றுக்கு 65 பங்கு வெள்ளி. 120 கிராம் கொலுசில் 78 கிராம்தான் வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. அம்மா கொலுசைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். காரிமங்கலம் வந்து சேரும்வரை பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

எடுத்துச் சொன்ன கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. பல வருடங்களுக்கு முன் அதை விற்ற கடையின் மேல்தான் கோபம். அந்தப் பில்லை அம்மா இன்னும் வைத்திருக்கிறார். 'கொலுசு 1 ஜோடி', எடை, தொகை, அவ்வளவுதான். டச் எவ்வளவு என்று ஒரு எழுத்து இல்லை. செம்பு கலந்தது குற்றமில்லை. சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும், கொலுசாகச் செய்தால் சீக்கிரம் நெளிந்து தேய்ந்துபோகும். 'ஸ்டெர்லிங்' என்று உலகம் முழுக்க விற்கிற 925 வெள்ளியிலும் நூற்றுக்கு ஏழரை பங்கு வேறு உலோகம்தான். கலந்ததைச் சொல்லாமல் முழு வெள்ளிக் கணக்கில் காசு வாங்கியதுதான் குற்றம்.

இன்னொன்று ஜெர்மன் சில்வர். பேரில் மட்டுமே சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்தது, துளி வெள்ளி கிடையாது. குங்குமச் சிமிழ், பூஜைத் தட்டு என்று அழகாகத்தான் இருக்கிறது, தெரிந்து வாங்கினால் சரி. காந்தம் ஒட்டவில்லை, அதனால் வெள்ளி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜெர்மன் சில்வரிலும் ஒட்டாது, செம்பிலும் ஒட்டாது.

வீட்டில் வெள்ளைக்காரர் காலத்துப் பழைய ராஜா காசு வைத்திருப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். அம்மாவின் தகர டப்பாவில் அந்த ஒரு ரூபாய்க் காசுகள் ஏழு இருக்கின்றன. தராசில் எல்லாம் ஒன்றுபோலத்தான் நிற்கும், ஒவ்வொன்றும் 11.66 கிராம். ஆனால் 1939 வரை வந்ததில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் 1945 வரை அடித்ததில் பாதிதான். வருடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பாதி வெள்ளிக் காசில் பெரும்பாலும் விளிம்புக் கோடுகளுக்கு நடுவே பள்ளமாக ஒரு வரி ஓடும். ஏழில் மூன்று அப்படி இருந்தது. 1911, 1939 என்று வருடம் போட்ட காசு யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 1911 காசில் ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று புகார் கிளம்பி, பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். 1939ஆம் வருடத்துக் காசும் அபூர்வம். சேகரிப்பவர்கள் இவற்றுக்கு வெள்ளி விலையைவிட எவ்வளவோ கூடுதலாகக் கொடுப்பார்கள்.

2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைக்கும் ஆறு இட அடையாளக் குறியோடு ஹால்மார்க் வந்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்தக் குறியைப் போட்டால் சுத்தம் எவ்வளவு என்று காட்டும். ஆனால் தங்கம் மாதிரி கட்டாயம் என்று சொல்லவில்லை, விருப்பமுள்ள கடைகளுக்கு என்றுதான் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் கொலுசும் மெட்டியும் அரைஞாண் கொடியும் வாங்குபவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டு வாங்குவார்கள்? அவர்கள் பார்ப்பது உங்கள் பேப்பரைத்தான்.

ஆகவே விலைக்குக் கீழே சின்ன எழுத்திலாவது இப்படிப் போடுங்கள்: 'இது 999 சுத்த வெள்ளியின் விலை. உங்கள் நகையின் டச் எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் விலை கிடைக்கும். வாங்கும்போது பில்லில் டச் எழுதி வாங்குங்கள்.'

இப்படிக்கு,
வாசகி,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்